போடிமெட்டுக்கு இந்தப் பக்கம்

போடிநாயக்கனூரில் பொழுது விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். தலையில் துண்டு கட்டிய பெண்கள் கையில் தூக்குவாளியோடு நெருக்கியடித்து உட்கார்ந்து மலையேறுவார்கள். 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டுச் சோதனைச் சாவடியைத் தாண்டினால் கேரளம். பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி என்று ஏலத்தோட்டங்கள் விரியும். காய் எடுத்துவிட்டு இருட்டும் நேரத்தில் அதே ஜீப்பில் வீடு திரும்புவார்கள். ஏலக்காயும் அதே பாதையில்தான் இறங்குகிறது. ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் போடியிலும், மலைக்கு அந்தப் பக்கம் புற்றடியிலும் மாறி மாறி நடக்கிறது. சரக்குக்கும் உழைப்புக்கும் மாநில எல்லை ஒரு பொருட்டே கிடையாது.

தீராத நோய் வந்து படுக்கையில் விழும்போதுதான் அந்த எல்லை கண்ணுக்குத் தெரிகிறது.

மெட்டுக்கு அந்தப் பக்கம், தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்திலேயே குடியிருக்கும் ஒரு தமிழ்ப் பெண்ணுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் முற்றிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அவர் சாந்தன்பாறை ஊராட்சியிலோ சின்னக்கானல் ஊராட்சியிலோ இருப்பார். கேரளத்தில் ஒவ்வோர் உள்ளாட்சிக்கும் இப்படிப் படுக்கையில் விழுந்தவர்களுக்கென்றே ஒரு செவிலியர் உண்டு. புண்ணைத் துடைத்துக் கட்டவும், சிறுநீர்க் குழாயை மாற்றவும், வலி மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று பார்க்கவும் அவர் வீடு தேடி வருவார். 2008 ஏப்ரலில் கேரள அரசு இதைக் கொள்கையாகவே அறிவித்தது. அதே தோட்டத்தில், அதே கூலிக்கு, பக்கத்துச் செடியில் காய் பறித்த போடிக்காரப் பெண்ணுக்கு அதே நோய் வந்தால்? தமிழகத்தில் அரசுச் செவிலியர் வீட்டுப்படி ஏறும் பெருந்திட்டம் 2021-ல்தான் வந்தது. வந்தது பெரிய விஷயம். ஆனால் மலையின் இந்தப் பக்கம் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அதைச் சொல்லும் முன், இந்தச் சிகிச்சை என்னதான் செய்கிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும்.

'இனி பண்றதுக்கு ஒண்ணுமில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க.' பெரிய ஆஸ்பத்திரிகளின் வராந்தாவில் இந்த வாக்கியத்தைக் கேட்காத ஊர் தமிழ்நாட்டில் கிடையாது. தேனி மாவட்டத்துக்காரர்கள் கானாவிலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஓடி, அங்கிருந்து மதுரை பாலரெங்காபுரத்தில் கதிர்வீச்சு வைத்து, அதற்குள் தோடு, மூக்குத்தி, மகளிர் குழுக் கடன் எல்லாம் கரைந்த பிறகு இதைக் கேட்பார்கள். ரிப்போர்ட்டுகள் அடங்கிய பையைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்புவார்கள். 2010 கடைசியில் அகலப்பாதைக்காக நிறுத்திய மதுரை–போடி ரயில், 2023 ஜூனில்தான் போடிவரை மறுபடி ஓடத் தொடங்கியது. இடைப்பட்ட அத்தனை ஆண்டும் இந்தப் பயணங்களெல்லாம் பஸ்ஸில், உட்காரக்கூட முடியாத உடம்போடு நடந்தவை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நோயின் உண்மையான ஆட்சி தொடங்கும். இரவு முழுக்க முனகல். வாய்ப் புற்றுநோயோ மார்புப் புற்றுநோயோ வெடித்த புண்ணானால் வாடை. அந்த வாடைக்குப் பயந்து பேரப்பிள்ளைகள் பக்கத்தில் வருவதில்லை. பார்க்க வரும் சொந்தக்காரர்கள் வாசலோடு நின்று பேசிவிட்டுப் போகிறார்கள். மனைவி படுத்தால் கணவனோ மகளோ வேலைக்குப் போக முடியாது. தினக்கூலி வீட்டில் ஒருவர் படுத்தால் இரண்டு பேருடைய கூலி நிற்கும். மூன்றாம் மாதத்தில் கடன்காரர் வருவார். நோயாளி தன் காதில் விழும்படியே எல்லாம் நடப்பதைக் கேட்டுக்கொண்டு கிடப்பார்.

பண்ணுவதற்கு ஒன்றுமில்லை என்று சொன்னது தவறு என்பது இங்கேதான் புரியும். நோயைக் குணமாக்க ஒன்றுமில்லாமல் இருக்கலாம். அந்த மனிதருக்குச் செய்ய வேண்டியது அன்றைக்குத்தான் தொடங்குகிறது. 'பாலியேட்டிவ் கேர்' என்று மருத்துவர்கள் சொல்வதும், நம் அரசு வலி நிவாரண, நோய் ஆதரவு சிகிச்சை என்று சொல்வதும் இந்த வேலையைத்தான். அதிலேயே கடைசி நாட்களுக்கென்று தங்கவைத்துப் பார்க்கும் இல்லம் ஹாஸ்பிஸ்.

வேலை எவ்வளவு நுணுக்கமானது என்று பாருங்கள். புண்ணின் வாடைக்குக் காரணம் காற்றில்லாத இடத்தில் வளரும் ஒருவகைக் கிருமி. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிறார்களே, அந்த மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவிக் கட்டினால் சில நாளிலேயே வாடை அடங்கிவிடும். செலவு சொற்பம். வாடை போனால் பேரன் பக்கத்தில் வந்து உட்காருவான். ஒரு மாத்திரைப் பொடி ஒரு குடும்பத்தைத் திரும்பச் சேர்த்துவைக்கிறது என்பது மிகைப்பேச்சு கிடையாது. இந்த வேலையில் இருக்கும் எந்தச் செவிலியரும் சொல்லக்கூடியது. படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். காற்று மெத்தை இருந்தால் இன்னும் நல்லது. எப்படிப் புரட்டுவது, துணியை எப்படி இழுக்காமல் மாற்றுவது என்பதை வீட்டுக்காரர்களுக்குக் கைபிடித்துக் காட்ட வேண்டும். மூச்சு வாங்குகிறவர் முகத்துக்கு நேரே சிறிய மின்விசிறியை வைத்து, தலைமாட்டை உயர்த்தினாலே பாதிப் பதற்றம் குறையும். வயிற்றில் தேங்கிய நீரை எடுக்கலாம். பக்கவாதத்தில் கிடப்பவர், சிறுநீரகம் செயலிழந்தவர், மரத்திலிருந்து விழுந்து தண்டுவடம் முறிந்தவர், நினைவு மங்கிய முதியவர் எல்லோருக்கும் இதில் இடம் உண்டு. புற்றுநோய்க்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த நினைப்பாலேயே பலர் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்.

சாப்பாட்டு விஷயம் ஒன்று. கடைசி வாரங்களில் உடம்பு உணவைக் கேட்காது. நம் வீடுகளில் அதைத் தாங்க மாட்டார்கள். 'ஒரு வாய் சாப்பிடு ஆத்தா' என்று ஊட்டுவார்கள். முடியவில்லை என்றால் குளுக்கோஸ் ஏற்றச் சொல்லி டாக்டரைக் கெஞ்சுவார்கள். சாகிற உடம்பில் ஏற்றும் நீர் பல நேரம் நுரையீரலிலும் காலிலும்தான் போய்த் தேங்கும். சாப்பிடாததால் சாவு வருவதில்லை, சாவு நெருங்குவதால்தான் பசி நிற்கிறது என்று யாராவது பொறுமையாக உட்கார்ந்து விளக்கினால், அந்தக் குடும்பத்தின் குற்ற உணர்வு பெருமளவு இறங்கிவிடும். ஈரப் பஞ்சால் உதட்டை நனைத்துக்கொண்டே இருப்பது போதும். பால் ஊற்றும் சடங்கைக்கூட, தலையைச் சற்றே உயர்த்தி, இரண்டு சொட்டு உதட்டில் படும்படி செய்யச் சொல்லித் தருகிறார்கள் இந்தச் செவிலியர்கள். சடங்கும் நிறைவேறும், புரையும் ஏறாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் வருவது வலி. முற்றிய புற்றுநோயின் வலிக்கு மார்ஃபினை விடச் சிறந்த, மலிவான மருந்து இன்றுவரை இல்லை. வாயால் விழுங்கும் சாதாரண மாத்திரை. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. வலி வந்த பிறகு கொடுப்பதாக இல்லாமல், வருவதற்கு முன்பே கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். மலச்சிக்கல் நிச்சயம் வரும் என்பதால் அதற்கான மருந்தையும் சேர்த்தே எழுதுவார்கள். 1986-ல் உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கு வகுத்த படிப்படியான மருந்து முறையில் மேல்படியில் இருப்பது இதுதான். போதைக்கு அடிமையாகிவிடுவார் என்ற பயம் வீட்டிலும் இருக்கிறது, மருத்துவர்களிடமும் இருக்கிறது. வலிக்காக, முறையாக, கண்காணிப்போடு கொடுக்கும்போது அந்த ஆபத்து மிகக் குறைவு. மார்ஃபின் கொடுத்தால் சீக்கிரம் இறந்துவிடுவார் என்பதும் தவறு. வலி குறைந்தவர் தூங்குவார், இரண்டு வாய் சாப்பிடுவார், பேசுவார்.

பிறகு ஏன் கிடைப்பதில்லை? உலகின் மருந்துத் தேவைக்கான அபினைச் சட்டப்படி பயிரிடும் நாடுகளில் இந்தியா முக்கியமானது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அரசு அனுமதியோடு விளைகிறது. காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசு ஆலைகள் உண்டு. ஆனால் 1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம், கணக்கில் சிறு பிசகு நேர்ந்தாலும் பத்தாண்டுச் சிறை என்று மருந்துக்கடைக்காரர்களையும் மருத்துவமனைகளையும் மிரள வைத்தது. ஒரு மருத்துவமனை மார்ஃபின் வைத்திருக்கப் பல துறைகளின் உரிமங்கள் வேண்டியிருந்தது. ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகிவிடும். பலரும் அதை வாங்குவதையே விட்டுவிட்டார்கள். 1997-ல் இவ்வளவு பெரிய நாடு முழுவதும் நோயாளிகளுக்குப் பயன்பட்ட மார்ஃபின் வெறும் 18 கிலோ. வயல் நம்முடையது, செடி நம்முடையது, வலியும் நம்முடையது. மருந்து மட்டும் கிடைக்கவில்லை. கடத்தல்காரனைப் பிடிக்கப் போட்ட வலையில் லட்சக்கணக்கான நோயாளிகள் சிக்கிக் கதறியது, சுதந்திர இந்தியாவின் பெரிய கொடுமைகளில் ஒன்று. அதைப் பற்றி நாம் போதுமான அளவு பேசியதே இல்லை.

2014-ல் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தைத் திருத்தியது. மார்ஃபின் உள்ளிட்ட ஆறு மருந்துகள் அத்தியாவசியமானவை என்று வகைப்படுத்தப்பட்டன. மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒரே அனுமதி போதும் என்றானது. ஆனாலும் 2017-ல் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம், இந்தியாவின் தேவையில் சுமார் 4 சதவீதத்துக்குத்தான் இந்த வகை மருந்து கிடைக்கிறது என்று கணக்கிட்டது. உலக அளவில் ஆண்டுக்கு 5 கோடியே 68 லட்சம் பேருக்கு இந்த ஆதரவு சிகிச்சை தேவை என்றும், அதில் 14 சதவீதம் பேருக்குத்தான் கிடைக்கிறது என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

இந்தத் துறையின் தொடக்கம் லண்டனில். சிசிலி சாண்டர்ஸ் முதலில் செவிலியர், பிறகு மருத்துவமனைச் சமூகப் பணியாளர். 1948-ல் டேவிட் டாஸ்மா என்ற போலந்து யூத அகதி அவர் கண்காணிப்பில் புற்றுநோயால் இறந்தார். சொந்தம் யாருமில்லாத அந்த மனிதர், சாண்டர்ஸ் கட்ட நினைத்த இல்லத்தில் ஒரு சன்னலாகத் தான் இருக்கட்டும் என்று சொல்லி 500 பவுண்டு எழுதிவைத்துவிட்டுப் போனார். டாக்டர்கள் செவிலியரின் பேச்சைக் கேட்க மாட்டார்கள் என்று தெரிந்ததும் சாண்டர்ஸ் மருத்துவம் படித்துத் தேறினார். அந்தச் சன்னலைச் சுற்றிக் கட்டடம் எழ 19 ஆண்டுகள் ஆயின. 1967-ல் திறந்த செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸ்தான் உலகெங்கும் உள்ள இத்தகைய இல்லங்களுக்கு மூலம். உடம்பு வலி, மனவலி, குடும்பக் கவலை, கடவுளிடம் கேட்கும் கேள்வி எல்லாம் சேர்ந்ததுதான் ஒருவருடைய முழு வலி என்பது அவர் கண்டு சொன்னது. 1986-ல் மும்பை பாந்த்ராவில் சாந்தி அவேதனா இல்லம் தொடங்கியது. இந்தியாவின் முதல் ஹாஸ்பிஸ் அது. சென்னைக்காரர்களுக்கு மணலியை அடுத்த மாத்தூரில் டாக்டர் மஞ்சுளா கிருஷ்ணசாமி தொடங்கிய ஜீவோதயா தெரிந்திருக்கும்.

ஆனால் போடிக்குப் பாடமாக இருக்கக்கூடியது லண்டனும் இல்லை, மும்பையும் இல்லை. மலைக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மயக்கவியல் நிபுணராக இருந்தவர் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால். நாக்கில் புற்றுநோய் வந்த ஒரு கல்லூரி ஆசிரியர் தாங்க முடியாத வலியோடு அவரிடம் வந்தார். நரம்பை மரக்கவைக்கும் ஊசியால் வலி அறவே நின்றது. அடுத்து எப்போது வர வேண்டும் என்று நோயாளி கேட்டார். வலிதான் போய்விட்டதே, இனி வரத் தேவையில்லை என்றார் மருத்துவர். நோய் குணமாகாது என்பது அந்தப் பதிலில்தான் நோயாளிக்குத் தெரியவந்தது. வீட்டுக்குப் போனவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ராஜகோபால் இந்த நிகழ்வைப் பல இடங்களில் எழுதியும் பேசியும் இருக்கிறார். நரம்பைப் பார்த்தேன், மனிதரைப் பார்க்கவில்லை என்ற வருத்தம் அவர் வாழ்க்கையைத் திருப்பியது. 1993-ல் அவரும் டாக்டர் சுரேஷ்குமாரும் சேர்ந்து கோழிக்கோட்டில் வலி நிவாரண மருத்துவகம் ஒன்றைத் தொடங்கினார்கள்.

சில ஆண்டுகளில் அவர்களுக்கு ஒன்று புரிந்தது. நோயாளிகள் மருத்துவகத்துக்கு வருவதே பெரும் வேதனை. வர முடியாதவர்கள் வருகிறவர்களை விடப் பல மடங்கு. டாக்டர்களையும் கட்டடங்களையும் பெருக்கி இதைச் சமாளிக்க முடியாது. 1999 முதல் மலப்புறம் மாவட்டத்தில் வேறு வழியில் இறங்கினார்கள். ஆசிரியர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், கடைக்காரர்கள், கூலித் தொழிலாளர்கள், மாணவர்கள் என்று சாதாரண மனிதர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் தங்கள் வட்டாரத்தில் படுக்கையில் கிடப்பவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பார்கள். வாரம் ஒருமுறை போய்ப் பேசிக்கொண்டிருப்பார்கள். வீட்டில் அரிசி இருக்கிறதா, பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டியாயிற்றா என்று பார்ப்பார்கள். மருத்துவ வேலை வந்தால் செவிலியரை அழைப்பார்கள். செவிலியரால் முடியாதபோதுதான் டாக்டர். பணம் பெரும்பாலும் உள்ளூரிலேயே சில்லறையாகத் திரண்டது. 2010-ல் உலகின் 40 நாடுகளில் சாவின் தரத்தை ஆராய்ந்து ஒரு பட்டியல் வெளிவந்தது. இந்தியா அதில் 40-வது இடம், அதாவது கடைசி. அதே அறிக்கை, இந்திய மக்கள்தொகையில் 3 சதவீதமே உள்ள கேரளம் நாட்டின் இந்தச் சேவைகளில் மூன்றில் இரண்டு பங்கைத் தருகிறது என்று தனியே குறிப்பிட்டது.

தமிழகம் சும்மா இருக்கவில்லை. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பதற்காகத்தான் பெரும்பாலோருக்குத் தெரியும். அதிலேயே படுக்கையில் இருப்பவர்களுக்கு ஆதரவு சிகிச்சைச் செவிலியரும், இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கே வர வழி இருக்கிறது. 2024-ல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது அத்திட்டத்துக்குக் கிடைத்தது. அந்தப் பெருமை உரியதே. தனியார் அறப்பணியும் நம் பகுதியில் உண்டு. மதுரையில் ஐஸ்வர்யம் அறக்கட்டளை நடத்தும் நேத்ராவதி மையம், கைவிடப்பட்ட நிலையில் உள்ள நோயாளிகளைக் கட்டணம் வாங்காமல் வைத்துப் பார்க்கிறது. போடியிலிருந்து மதுரை போகும் சாலையில் ஆண்டிபட்டியில் இருக்கும் ஆரோக்ய அகம், தொழுநோயாளிகளுக்காகத் தொடங்கி, பின் காசநோய்க்கும் எச்.ஐ.வி.க்கும் வேலையை விரித்தது. எச்.ஐ.வி.க்கு அரசின் இலவசக் கூட்டு மருந்து 2004 ஏப்ரலில்தான் நாட்டில் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் தேனி மாவட்டத்தில் அந்த நோயோடு இருந்தவர்களைத் தொடவும் ஆள் இல்லாத நேரத்தில், தொட்டுக் கழுவிச் சோறு கொடுத்த இடங்கள் இப்படிப்பட்டவை. தீரா நோயாளியைப் பார்த்துக்கொள்வது இந்த மண்ணுக்குப் புதிய வேலை கிடையாது.

இருந்தும் இடைவெளி எங்கே? மலையைப் பாருங்கள். போடிக்கு மேலே குரங்கணி, கொட்டகுடி, முதுவாக்குடி, சென்ட்ரல் ஸ்டேஷன். இன்னொரு பக்கம் அகமலை, ஊத்துக்காடு. முதுவர்களும் பளியர்களும், ஏலமும் காபியும் வைத்திருக்கும் சிறு விவசாயிகளும், கூலிக்காரர்களும் வாழும் ஊர்கள். அகமலைப் பக்கமிருந்து உடம்புக்கு முடியாதவர்களைக் கம்பில் போர்வை கட்டி, டோலியில் தூக்கி இறங்கும் செய்தியும் படமும் நாளிதழ்களில் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன. கொழுக்குமலை தமிழ்நாட்டில்தான் இருக்கிறது. வண்டியில் போவதென்றால் கேரளத்துச் சூரியநெல்லி வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். இப்படிப்பட்ட நிலத்தில், ஒரு வட்டாரத்துக்கு ஒரு செவிலியர் என்ற திட்டத்தின் கணக்கு சமவெளிக்குப் பொருந்தும் அளவுக்குப் பொருந்தாது. அவர் ஒரு மலைக்கிராமத்துக்குப் போய் வந்தால் அன்றைய பொழுது முடிந்தது. கீழே போடித் தெருக்களிலும், சில்லமரத்துப்பட்டி, தேவாரம் பக்கத்து ஊர்களிலும் அவருக்காகக் காத்திருப்பவர்கள் இன்னொரு நாள் காத்திருக்க வேண்டும். வலிக்கு இன்னொரு நாள் என்பது மிக நீண்டது.

அந்தச் செவிலியருக்கு இருபுறமும் அக்கம்பக்கத்து ஆட்கள் வேண்டும். கேரளத்தில் இருப்பதும் இங்கே பாக்கி இருப்பதும் அதுதான். போடியில் பெரிய ஹாஸ்பிஸ் கட்டடம் கட்டலாம் என்று யாராவது நன்கொடையாளர் முன்வந்தால் வரவேற்க வேண்டியதுதான். யாருமற்றவர்களுக்கும், ஒற்றை அறை வீட்டில் ஏழு பேரோடு கிடப்பவர்களுக்கும் பத்துப் படுக்கையாவது அவசியம். ஆனால் முதல் ரூபாய் கட்டடத்துக்குப் போகக் கூடாது என்பது இக்கட்டுரையின் திடமான கருத்து. கொட்டகுடிக்காரர் தன் வீட்டுத் திண்ணையிலிருந்து மலையைப் பார்த்துக்கொண்டே சாக விரும்புவார். அவரை டோலி கட்டி இறக்கி, டைல்ஸ் போட்ட அறையில் படுக்கவைப்பது நமக்குத்தான் திருப்தி.

தென்மாவட்டங்களில் ஒரு பழைய இருட்டு உண்டு. எழுந்திருக்க முடியாத முதியவருக்கு விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்துச் சாவைத் துரிதப்படுத்தும் தலைக்கூத்தல். 2010 வாக்கில் விருதுநகர் மாவட்டத்துச் செய்திகளால் அது வெளியுலகுக்குத் தெரிந்தது. பிரியா கிருஷ்ணசாமி எடுத்த 'பாரம்' படம் அதைப் பேசித் தேசிய விருது பெற்றது. அது கொலை, அதில் மறுபேச்சு இல்லை. அதைச் செய்தவர்கள் எல்லோரும் சொத்துக்காகச் செய்தார்கள் என்று சொல்லிவிட்டு நகர்வது சுலபம். மாதக்கணக்கில் அலறும் ஒருவரை, ஒரு மாத்திரைகூட இல்லாமல், உதவிக்கு ஓர் ஆள்கூட இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்த வீடுகளும் அதில் இருந்தன. அங்கே ஒரு செவிலியரும் மார்ஃபினும் போய்ச் சேர்ந்திருந்தால் அந்த விடியற்காலைகளில் சில நடந்திருக்காது.

சட்டமும் இப்போது சற்று வழிவிட்டிருக்கிறது. மீள முடியாத நிலையில் தனக்குச் செயற்கை சுவாசம் முதலியவை வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என்று 2018 மார்ச் 9-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நடைமுறை சிக்கலாக இருந்ததால் 2023 ஜனவரியில் அதை எளிதாக்கியது. இப்போது இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன் கையெழுத்திட்டால் போதும். ஆனால் நம் வீடுகளில் காகிதத்துக்கு முந்தைய சிக்கல் ஒன்று இருக்கிறது. 'அவருக்குச் சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டாரு.' அன்பினால் சொல்வதுதான். நோயாளிக்கோ பெரும்பாலும் தெரிந்தே இருக்கும். அவரும் மனைவிக்காகத் தெரியாததுபோல் இருப்பார். இரண்டு பேரும் ஒரே அறையில் தனித்தனியாக அழுதுகொண்டிருப்பார்கள். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று நோயாளியையே மெல்லக் கேட்பது இந்தச் சிகிச்சையின் முதல் பாடங்களில் ஒன்று. தெரிந்துகொண்டவர் பெரும்பாலும் உடைந்துபோவதில்லை. மகளின் கல்யாணப் பேச்சை முடிக்கச் சொல்வார், யாரிடம் எவ்வளவு வாங்கினேன் என்று கணக்குச் சொல்வார், பேசாமலிருந்த தம்பியைக் கூப்பிடச் சொல்வார்.

போடிக்கு என்ன வேண்டும் என்பது பெரிய புதிர் இல்லை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடும் இருபது முப்பது தன்னார்வலர்கள். மலையேறக்கூடிய ஒரு ஜீப். ஜீப்புக்குப் பஞ்சமே இல்லாத ஊர் இது. கூடுதலாக இரண்டு செவிலியர்களின் சம்பளம். வீட்டுக்கு வீடு மாற்றிக் கொடுக்கச் சில காற்று மெத்தைகள், சக்கர நாற்காலிகள், ஆக்ஸிஜன் கருவிகள். போடி அரசு மருத்துவமனையிலேயே மார்ஃபின் மாத்திரை எல்லா நாளும் கிடைக்கும் ஏற்பாடு. மாத்திரைக்காக மகன் ஒரு நாள் கூலியை இழந்து மதுரை பஸ் ஏறக் கூடாது. ஏல வியாபாரிகள், தோட்ட உரிமையாளர்கள் சங்கங்கள், சித்திரைத் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தலும் அன்னதானமும் வைத்துப் பழகிய தெருக்காரர்கள், கல்லூரி மாணவர்கள் இத்தனை பேர் உள்ள ஊரில் இது முடியாத காரியம் கிடையாது. தோட்ட முதலாளிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. காய் எடுத்த கைகள் படுக்கையில் கிடக்கும்போது அவை எந்த மாநிலத்தில் கிடக்கின்றன என்று பார்க்காதீர்கள். லயத்தில் இருப்பவருக்கு அங்கே ஊராட்சி பார்க்கும். ஜீப்பில் வந்துபோனவரும் உங்கள் ஆள்தான்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ தீராத நோயோடு யாராவது படுத்திருந்தால், இன்றைக்கே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அல்லது கிராம சுகாதாரச் செவிலியரிடம் பெயரைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வலி நிவாரண, ஆதரவு சிகிச்சைச் செவிலியர் வர வேண்டும் என்று வெளிப்படையாகக் கேளுங்கள். விவரம் தெரியாவிட்டால் 104-க்குப் போன் செய்யுங்கள். இந்தச் சேவைக்குக் கட்டணம் இல்லை.